பினாங்கு கோர்ட் கதை: மூன்றாம் அத்தியாயத்தில் முட்டி நிற்கிறேன்

பட்டர்வொர்த்காரி:
வணக்கம். ஒரு மர்மத் தொடர் எழுதுகிறேன். லெபோ பசாரில் பழைய கடைவீடு. கடை சாத்தும் நேரம், பணமாற்று முதலாளி மரப்படியில் உருண்டு விழுந்து சாகிறார். போலீஸ் முதலில் ‘திடீர் மரணம்’ என்கிறது. சவப்பரிசோதனையில் மார்பில் கன்றிய தடம். உடனே 302 (கொலைக் குற்றப் பிரிவு), மாட்டுவது கடைப்பையன். அவனுக்காக வாதாடும் வக்கீலம்மா ஜூரியைப் பார்த்து இரண்டு பக்கம் உருகுகிறார், நீதிபதி சுத்தியலால் தட்டுகிறார். படித்த என் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். எங்கே தப்பு?

ஜெலுத்தோங் கறுப்புக்கோட்டு:
தம்பி சிரித்தது நியாயம்தான். மலேசியாவில் ஜூரி முறையை 1995லேயே எடுத்தாச்சு. சுத்தியலெல்லாம் சினிமாவில். கொலைக் குற்றச்சாட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாசிப்பார்கள், குற்றத்தை ஒப்புகிறானா மறுக்கிறானா என்று அங்கே பதிவதில்லை, வழக்கு உயர்நீதிமன்றம் போகும். அரசுத் தரப்பு முடித்ததும், எதிர்வாதத்துக்கு அழைப்பதா விடுவிப்பதா என்று நீதிபதி சொல்வார். அழைத்தால் பையனுக்கு மூன்று வழி: சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம், கூண்டிலிருந்தே சத்தியமில்லாமல் பேசலாம், வாயே திறக்காமல் இருக்கலாம். எந்த வழி என்று முடிவெடுக்கும் ராத்திரிதான் உங்கள் வக்கீலம்மா தூக்கம் கெட வேண்டியது. இன்னொன்று, 2023 ஜூலை 4 முதல் 302க்குத் தூக்கு கட்டாயமில்லை. தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 வருடம், 12க்குக் குறையாத பிரம்படி.

பழைய இண்டர்பிரேட்டர்:
தங்கச்சி, லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில் தமிழ் இண்டர்பிரேட்டராக (சாட்சி சொல்வதை மலாயில் மொழிபெயர்ப்பவர்) இருந்து ரிட்டையர் ஆனவன் நான். எல்லாரும் வக்கீலைத்தான் எழுதுகிறீர்கள், பக்கத்தில் நிற்கிற எங்களை ஒருத்தரும் எழுதவில்லை (பொறாமைதான், மறைப்பானேன்).

சின்ன வயதில் நான் பார்த்த ஒரு சாட்சி. “தண்ணி போட்டுட்டு வந்தாருங்க” என்றார். அன்றைக்கு மொழிபெயர்த்த புதுப்பையன் மலாயில் தண்ணீர் ஊற்றியதாகச் சொல்லிவிட்டான். கோர்ட்டே முழித்தது. அது சிரிப்போடு போச்சு. எல்லாம் அப்படிப் போகாது.

உங்கள் கடைப்பையன் படி உச்சியில் நின்று, “ஐயோ, நான் கை நீட்டிட்டேனே” என்று கத்தட்டும். கீழே பூக்காரம்மா கேட்கட்டும். கை நீட்டினான் என்றால் நமக்கு என்ன? அடித்தான். ஆனால் விழப்போன மனுஷனைப் பிடிக்கவும் கையைத்தானே நீட்டுவான்! மலாயில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்காது. ‘பூக்குல்’ என்றால் அடி, ‘ஹூலூர் தாங்கான்’ என்றால் கையை நீட்டுவது. இண்டர்பிரேட்டர் ஒரு மூச்சு விடுவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த மூச்சு எனக்குத் தெரியும், தங்கச்சி. தொண்டை காய்ந்துபோகும்.

பட்டர்வொர்த்காரி:
ஐயா, கை நடுங்குது! அதையே பையன் ஸ்டேஷனில் சொன்னதாக வைக்கலாமா?

ஜெலுத்தோங் கறுப்புக்கோட்டு:
வேண்டாம். போலீசிடம் அவன் சொன்னதை அரசுத் தரப்பு பொதுவாகச் சாட்சியமாக்க முடியாது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 113ஆம் பிரிவு. பூக்காரம்மாவே இருக்கட்டும்.

பழைய இண்டர்பிரேட்டர்:
அந்தம்மா கையாலேயே செய்து காட்டுவார், பாருங்கள். வக்கீலம்மா அதை வாயால் சொல்லிப் பதிய வைக்கணும்: உள்ளங்கை விரிந்திருந்ததா, மூடியிருந்ததா என்று. சைகை மட்டும் குறிப்பில் ஏறாது.

பட்டர்வொர்த்காரி:
ஜூரியைத் தூக்கியாச்சு. பூக்காரம்மாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.