நெட் போனால் ஸ்மார்ட் வீடும் நின்றுவிடுகிறதா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கும்பகோணத்தான்
நான் சிங்கப்பூரில், அப்பா அம்மா ஊரில். மோட்டாருக்கு ஸ்மார்ட் கன்ட்ரோலர் மாட்டியிருந்தோம். மேல்தொட்டியில் சென்சார், கீழே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே, நடுவில் கம்பெனி சர்வர். நெட் வழியாக ஆப்பில் பார்க்கிற வகை. போன ஐப்பசி மழையில் தெருவில் ஃபைபர் அறுந்துபோனது. காலையில் மோட்டார் ஓட வேண்டிய நேரம் ரிலேக்குள்ளேயே பதிவாகியிருந்ததால் அது ஓடத் தொடங்கிவிட்டது. தொட்டி நிறைந்தது, நிறுத்து என்கிற தகவல் மட்டும் சர்வர் வழியாகத்தான் வர வேண்டும். அது வரவில்லை.

அம்மா செல்லில் கூப்பிட்டார். ஆப்பைத் திறந்தால் ‘மோட்டார் ஆஃப்’ என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. சர்வருக்குக் கடைசியாக வந்த நிலவரம் அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் குரலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை மேல் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கிறது. “ஆஃப்னுதாம்மா காட்டுது” என்கிறேன். “பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் நனையுதுடா” என்கிறார். கடைசியில் அப்பா போய் கரன்ட்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கினார். இரண்டு மாடி உயரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு தகவல் ஏன் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பள்ளிக்கரணை மூன்றாம் மாடி
எனக்கு நேர்மாறான அனுபவம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரன்ட் இல்லை, செல் டவரும் செத்துக் கிடந்தது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் ஹாலில் படுத்திருந்தார்கள். வீட்டில் ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுக் கருவிகளை ஓட்டும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், சென்சார்களோடு ரேடியோவில் பேச ஒரு ஜிக்பீ ஸ்டிக், எல்லாம் இன்வெர்ட்டரில். பையும் ஸ்டிக்கும் சேர்ந்தாலே ஒரு எல்இடி பல்பு அளவுக்குத்தான் கரன்ட் இழுக்கும்.

நடு ராத்திரி பாட்டி பாத்ரூம் போக எழுந்தார். சென்சார் அசைவைப் பார்த்ததும் நடையில் விளக்கு எரிந்தது. கீழ்வீட்டு அம்மா தூக்கிவாரிப் போட்டு எழுந்து, “கரன்ட் வந்துடுச்சா?” என்று கேட்டார். ஊரே இருட்டாக இருந்தது, அந்த ஒரு விளக்குக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு நெட் இல்லாமல் ஓடாத எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

ஸ்கார்பரோ வாசி
மேலே இரண்டு பேரும் நெட் போவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். நெட் நல்லாயிருக்கும்போதுதான் எனக்கு நடந்தது. பனி கொட்டுது, இரண்டு கையிலும் சாமான் பை, கராஜ் கதவைத் திறக்க ஆப்பைத் தட்டினால் ‘புதிய விதிமுறைகளை ஏற்றுக்கொள்ளவும்’ என்று ஒரு பக்கம். ஏற்றுக்கொள்ளும்வரை கதவுப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. என்ர வீட்டுக் கதவு!

கம்பெனி கடையைக் கட்டினால் என்ன செய்வீர்கள்? வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவோல்வ் என்றொரு ஹப், விலை 300 டாலர். 2014இல் நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி அதோடு செத்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்கிற ஸ்மார்ட் கருவிக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. ஆனால் அந்தக் கருவிகள் வீட்டு வயரிலும் ரேடியோவிலும் தங்களுக்குள்ளேயே பேசக்கூடியவை. ஹோம் அசிஸ்டன்டோடு நேரடியாக இணைத்து வைத்திருந்தவர்களின் விளக்குகள் தொடர்ந்து எரிந்தன. ஆகவே நெட் வருமா போகுமா என்று பார்ப்பதைவிட, முடிவெடுக்கும் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஈரோடு ஃபர்ம்வேர்
என்னுடையது சின்னக் கதை. எனக்கும் ஒரு கம்பெனி ஸ்மார்ட் பிளக் சர்வர் போய்ச் செத்தது, கம்பெனி சர்வர் இல்லாமலே ஓடும் டாஸ்மோட்டா ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினேன், அது உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும்.

சீரியல் வயர் கோத்து ஃபர்ம்வேர் ஏற்றும்போது கருவியை வீட்டுக் கரன்ட்டில் சொருகவே கூடாது. யுஎஸ்பி சீரியல் அடாப்டரிலிருந்து வரும் 3.3 வோல்ட் போதும். மெயினில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஜிக்பீ ஸ்டிக்கை நீல நிற யுஎஸ்பி 3 ஓட்டையில் நேராகக் குத்தாதீர்கள், அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும், ஜிக்பீயும் அங்கேதான் இருக்கிறது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள், பாதி சென்சார்கள் தானாகத் திரும்பி வரும். ராஸ்பெரி பையில் எஸ்டி கார்டை நம்பாதீர்கள். ஹோம் அசிஸ்டன்டின் டேட்டாபேஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், நடுவில் கரன்ட் போனால் கார்டு காலி. எஸ்எஸ்டி போடுங்கள், பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள்.

அப்புறம் வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு. ரவுட்டரில் வான் (WAN) ஐபி முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது, வெளியிலிருந்து வர ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. உங்கள் கருவிகளைத் தனி இணைப்பில் சேர்க்கும் டெயில்ஸ்கேல் போட்டால் போதும். அதுவும் ஒரு கம்பெனி சர்வரை நம்பித்தானே என்று ஸ்கார்பரோக்காரர் கேட்பார். சரி, வாடகைக்கு ஒரு விபிஎஸ் (நெட்டில் உள்ள சர்வர்) எடுத்து வயர்கார்ட் விபிஎன் போடுங்கள், இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் சர்வருக்குப் பதிலான ஹெட்ஸ்கேலை நீங்களே நிறுவுங்கள்.

முத்துநகர் வீடு
ஈரோடு ஐயா, நீங்கள் சொல்வது எல்லாம் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் கப்பலில் இருக்கிறார். வாரக்கணக்கில் பேச முடியாது. அவர் இல்லாதபோதுதான் எங்கள் பை படுத்துக்கொண்டது, நீங்கள் சொன்ன அதே எஸ்டி கார்டு. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் அது பைக்கு ஒரு மெசேஜ் அனுப்பும், பை சொன்னால்தான் ரிலே விளக்கைப் போடும். அப்படி அமைத்திருந்தார். அதனால் சமையலறை, ஹால், வாசல், எந்த சுவிட்சும் வேலை செய்யவில்லை. மறுநாள் பரீட்சை, படிக்க வேண்டும் என்று மகள் அழுகிறாள்.

வயர்மேனைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறவர். போர்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சின்னப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, “இதுல நான் கை வைக்க மாட்டேன்க்கா” என்றார். இருபது வீட்டு வயரிங் பண்ணிய மனிதர், ஒரு பல்பை எரிய வைக்க முடியாமல் நின்றார். அவர் முகம்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கம்பெனி கையில் இருக்கக் கூடாது என்கிறீர்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கிற எங்கள் கையிலாவது இருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் ஒருவர் கையில் மட்டும்தான் இருந்தது.

ஈரோடு ஃபர்ம்வேர்
அக்கா, சுவிட்சை ரிலேவிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார். அதைத் திரும்பச் சேர்த்துவிட்டால் பை இல்லாவிட்டாலும் சுவிட்ச் விளக்கைப் போடும், ஆட்டோமேஷனும் ஓடும். கப்பலிலிருந்து பேசும்போது இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

முத்துநகர் வீடு
வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்யச் சொன்னேன், செய்துவிட்டார். எந்த ரிலே எந்த விளக்குக்கு, எதைக் கழற்றி எந்த வயரை நேராகச் சேர்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டவும் வைத்தேன். வயர்மேன் அண்ணன் வந்து படித்துப் பார்த்துவிட்டு, நியூட்ரல் எது என்று எழுதவில்லையே என்றார். அதையும் சேர்த்தாயிற்று.