கூத்துல சத்தம் போடலாம், நாடகத்துல ஏன் கூடாது?

பனிமூட்டம்
போன ஞாயித்துக்கிழமை இலங்கை மலையகத்துல ஹட்டன்ல ஒரு நாடகம் பார்த்தேன். நாடகத்து பேரு, போட்டவங்க பேரு எதுவும் வேணாம், குத்தம் அவங்க மேல இல்ல.

கடைசிக் கட்டம். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன மகளோட பெட்டி மட்டும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருது. அம்மா பெட்டியத் தெறந்து ஒரு கவுன எடுத்து மோந்து பார்க்கிறா. வசனம் கிடையாது. பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் "டிக்கோயா, நோர்வூட்"னு கத்துறது ஹோலுக்குள்ள கேக்குது, அவ்வளவு அமைதி. அந்த நேரம் பார்த்து எனக்கு முன்வரிசையில ஒருத்தரு போன் அடிக்குது. குத்துப்பாட்டு. சட்டைப் பையில தேடுறாரு, காற்சட்டையில தேடுறாரு. கிடைச்சதும் நிப்பாட்டுவாருன்னு பார்த்தா எடுத்துப் பேசுறாரு: "ஆ, சொல்லு... நாடகத்துல இருக்கேன்... இல்ல, முடியப் போவுது, அழுவுறாங்க."

ஹோலே சிரிச்சிருச்சு. மேடையில அந்தப் புள்ள கவுன முகத்துல வச்சபடியே நின்னுச்சு. தோள் குலுங்கினது நடிப்பா நெசமான்னு எனக்கு இன்னும் தெரியல.

நம்ம ஆளுங்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியல. போனை வாசல்லயே வாங்கி வச்சிட்டுத்தான் உள்ள விடணும்ங்கிறது என் கட்சி.

தப்புக்காரன் பேரன்
"நம்ம ஆளுங்களுக்குத் தெரியல"ன்னு எழுதினீங்களே, அங்கதான் எனக்குக் கோவம் வருது.

மாசியில மூணாம்பிறை பார்த்துக் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினா எங்க தோட்டத்துல எத்தனை ராத்திரி தூக்கம் கிடையாது தெரியுமா? கம்பளியப் போத்திக்கிட்டு விடிய விடியப் பனியில ஒக்காந்து பார்த்த சனம்ங்க இது. மன்மதன எரிச்சதும் ரதி ஒப்பாரி வைப்பா. ரதி யாரு? பகல்ல மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற ஆம்பள. மீசைய எடுத்திருந்தாலும் கையில காய்ப்பு தெரியும். ஆனா அவரு "ராசா"ன்னு இழுத்ததும் எங்க அம்மாயி மூக்கச் சிந்த ஆரம்பிச்சிருவாங்க. சுத்தி நிக்கிற பொம்பளைங்க ரதியோட சேர்ந்து அழுவாங்க. அர்ச்சுனன் தபசுல அர்ச்சுனன் வேஷக்காரரு மரத்து மேல ஏறி எலுமிச்சம்பழம் போட்டா, கீழ முந்தானைய ஏந்திக்கிட்டு நிப்பாங்க. இதுல பார்க்கிறது யாரு, ஆடுறது யாரு, சொல்லுங்க.

வாயப் பொத்திக்கிட்டு இருட்டுல ஒக்காரணும்ங்கிறது வெள்ளைக்காரன் கொண்டாந்தது, அவனுக்கே அது பழசு கிடையாது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்ல ஒரு பென்னி குடுத்துட்டு மேடைக்கு முன்னால நின்னுக்கிட்டேதான் பார்த்தாங்க. ஜெர்மனியில பைரோய்ட்ல இசை நாடகம் போட்ட வாக்னர் கட்டின அரங்குல ஹோல் விளக்கக் கொறைச்சு ஆளுங்கள இருட்டுல ஒக்கார வச்சது 1876ல.

பனிமூட்டம்
அம்மாயி ரதியோட சேர்ந்து அழுதாங்க, சரி. போன்ல பேசினவரு யாரோட சேர்ந்திருந்தாரு?

முதல்நாள் முதல் ஷோ
நாடகம் எனக்குத் தெரியாது, படம் தெரியும். ஹீரோ வர்ற இடத்துல விசில் இல்லாட்டி அது படமே இல்லீங்க. பதுளையிலேர்ந்து கொழும்பு வரைக்கும் ராத்திரி பஸ்ல போய், காலைல தியேட்டர் வாசல்ல மூஞ்சி கழுவி, காகிதம் கிழிச்சு வச்சிருந்து எறிஞ்சிருக்கேன். வசனம் கேக்கணும்னா புதன்கிழமை வாங்க, ஹோல் காலியா இருக்கும்.

சுண்ணாம்புக்கட்டி
புதன்கிழமைக்குள்ள படத்தையே தூக்கிர்றாங்களே தம்பி.

நான் பாடம் எடுக்கிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள். பரதரின் நாட்டிய சாத்திரத்தில் 27ஆம் அத்தியாயம் முழுக்க இந்த வழக்குதான். நாடகம் வெற்றி பெற்றதா என்பதை எதை வைத்துச் சொல்வது? பார்ப்பவர்களை வைத்துத்தான் என்கிறார். புன்சிரிப்பு, வெடிச்சிரிப்பு, "ஆகா" என்ற சத்தம், சோகத்தில் "ஐயோ" என்ற குரல், மயிர்க்கூச்சு, இருக்கையை விட்டு எழுவது, கையிலிருக்கும் துணியை நடிகருக்குக் கொடுத்துவிடுவது எல்லாமே வெற்றியின் அடையாளங்கள். ஆகவே பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சத்தம் போடுவது நாகரிகமில்லாதவன் வேலை என்று நம் பழைய நூல் சொல்லவில்லை.

பனிமூட்டம்
டீச்சர், அதே அத்தியாயத்த இன்னும் கொஞ்சம் படிங்க. நீங்க சொன்னதெல்லாம் மானுட சித்தி, மனுசங்க காட்டுற வெற்றி. அதுக்கு மேல தெய்வ சித்தின்னு ஒண்ணு வச்சிருக்காரு. சத்தம் இல்ல, சலசலப்பு இல்ல, ஆனா அரங்கு நெறைஞ்சிருக்கு. அதான் தெய்வ சித்தி. அன்னைக்கு ஹட்டன்ல ஒரு நிமிஷம் அது கெடைச்சுச்சு, அதைத்தான் அந்த மனுசன் ஒடைச்சாரு.

சுண்ணாம்புக்கட்டி
ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தை வேண்டுமென்றேதான் விட்டேன் :)

பழைய பேட்டரி
நான் சொல்றது வேற. இந்தப் பேச்சுப் பழக்கம் கூத்துலேர்ந்து வரல, டீவியிலேர்ந்து வந்துச்சு.

ரூபவாஹினி, நம்ம அரசாங்க டீவி, தொடங்கினது 1982ல. அதுக்கப்புறம்தான் எங்க லயத்துல முதல் டீவி. கரண்ட் கிடையாது, கார் பேட்டரி. டவுனுக்குத் தோள்ல தூக்கிட்டுப் போய் சார்ஜ் பண்ணிக் கொண்டாரணும். ஒரு காம்பரா இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில, லயமே குந்தியிருக்கும். பேட்டரி எறங்க எறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டி அளவுக்கு வந்துரும். பின்னால இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால முன்னால இருக்கிறவன் கதை சொல்லணும்: "இப்ப அவ வந்துட்டா... அவன் பார்த்துட்டான்..." அப்படிச் சொல்லிப் பழகின வாய், இன்னைக்கு ஹோல்ல பக்கத்து சீட்டுக்காரனுக்குச் சொல்லுது. திமிருன்னு நெனைக்காதீங்க.

ரதி வேஷம்
ரெண்டு பக்கமும் நான் நின்னிருக்கேன். தோட்டத்துல கூத்து ஆடியிருக்கேன், ஹோல்லயும் நடிச்சிருக்கேன். ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

கூத்துல நான் ஒரு அடி பாடினா பின்பாட்டுக்காரங்க அதையே திருப்பிப் பாடுவாங்க. தப்பும் உறுமியும் நடுவுல வரும். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் விட்ட அடி மறுபடி கெடைக்கும். கூட்டம் பேசும், புள்ள அழும், குடிகாரன் ஒருத்தன் எழும்பி ஆடுவான்னு தெரிஞ்சேதான் பெரியவங்க அதை அப்படிக் கட்டி வச்சிருக்காங்க. ஹோல் நாடகத்துல ஒரு வசனம் ஒரே தரம். போச்சுன்னா போச்சு. ஆகவே பேரன் தம்பி, நீங்க கூத்தச் சொல்லி ஹோலுக்கு நியாயம் கேக்குறது பொருந்தாது.

அதுக்காகப் பனிமூட்டம் பக்கமும் முழுசா நிக்க மாட்டேன். 1974ல காமினி ஹத்தொட்டுவேகம சிங்களத்துல வீதி நாடகம் ஆரம்பிச்சப்ப "அமைதியா இருங்க"ன்னு போர்டு மாட்டிக்கிட்டா தெருவுல எறங்கினாரு? போற வாற ஆள நிப்பாட்டிப் பார்க்க வைக்கிறது நடிகன் வேலைதானே.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மேடையிலேர்ந்து பார்த்தா சத்தம் அவ்வளவு தொந்தரவில்ல. போன் வெளிச்சம்தான். இருட்டுல ஒரு மொகம் மட்டும் நீலமாத் தெரியும், அந்த மொகம் கீழ பார்த்துக்கிட்டு இருக்கும். அந்த ஆளு பேசவே மாட்டாரு, யாருக்கும் எடைஞ்சல் இல்ல, ஆனா எனக்கு அடுத்த வசனம் மறந்துரும்.

தப்புக்காரன் பேரன்
சரிண்ணே, பின்பாட்டு விசயம் நான் யோசிக்கல. ஆனாலும் வாசல்ல போன் புடுங்குறதுக்கு நான் எதிர்ப்புதான். தோட்டத்து ஆளுங்க நாடகத்துக்கு வர்றதே அபூர்வம். வாசல்ல பை சோதிக்கிற மாதிரி நின்னா அடுத்த தடவ வரமாட்டாங்க.

முதல்நாள் முதல் ஷோ
இது காமன் எரிஞ்சானா இல்லையான்னு லாவணியில போட்டி போட்டுப் பாடுற எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி மாதிரியே போவுதே. லாவணிக்கு யாராச்சும் டேப்பு மேளம் எடுத்துட்டு வாங்கப்பா.

கொழுந்துக்கூடை
எல்லாம் ஆம்பளைங்களாவே பேசுறீங்க, டீச்சரத் தவிர. நான் ஒண்ணு சொல்லட்டா?

அந்த நாடகத்துக்கு நானும் வந்திருந்தேன். ஒன்றரை வயசுப் புள்ளையோட. ஞாயித்துக்கெழம தோட்டத்துல புள்ளைங்களப் பார்த்துக்கிற புள்ளக் காம்பரா பூட்டு, வீட்டுல பாக்க ஆளில்ல. நடுவுல புள்ள ரெண்டு தடவ சிணுங்குச்சு. ஒடனே நாலு பக்கத்துலேர்ந்தும் "உஸ்ஸ்". ஒரு அம்மா திரும்பி "இதையெல்லாம் ஏன் தூக்கிட்டு வர்றாங்க"ன்னாங்க. நான் எழும்பி வாசல்ல நின்னுட்டேன். அதனால பெட்டி தெறக்குற கட்டத்த நான் பார்க்கவே இல்ல, இப்ப நீங்க எழுதினதுலதான் படிச்சேன். வெளிய நின்னப்ப உள்ள எல்லாரும் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. தமாசு நாடகம் போலன்னு நெனச்சேன்.

போன்ல பேசினவருக்கு யாரும் "உஸ்" சொல்லலயே?

பனிமூட்டம்
சொல்லல அக்கா. நானும் சொல்லல. அவரு வயசான ஆளு, வேட்டி கட்டியிருந்தாரு, வாய் வரல.

சுண்ணாம்புக்கட்டி
இதுக்கு பரதர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

ரதி வேஷம்
அடுத்த மாசம் தலவாக்கலையில எங்க நாடகம் இருக்கு. கொழுந்துக்கூடை அக்கா, புள்ளையோட வாங்க. கடைசி வரிசையில கதவுப் பக்கம் சீட்டு வச்சிர்றேன். சிணுங்கினா நான் சத்தமாப் பேசிக்கிறேன்.

பனிமூட்டம்
நானும் வர்றேன். போன் விசயம் என்ன முடிவு?

ரதி வேஷம்
தொடங்க முந்தி நானே வேஷத்தோட வந்து நிறுத்தச் சொல்லிக் கேப்பேன். புடுங்க மாட்டேன்.

கொழுந்துக்கூடை
நான் நிப்பாட்ட மாட்டேண்ணே, முன்னாடியே சொல்லிர்றேன். வீட்டுக்காரரு கொழும்புல ராத்திரி டியூட்டி, எட்டு மணிக்குத்தான் கூப்பிடுவாரு. சத்தமில்லாம இடுப்புல சொருகி வச்சிருப்பேன். அடிச்சா வெளிய போயிருவேன்.