சூரியகாந்தி முளைக்காததற்குக் காரணம் உப்பா, வெயிலா?

உவர்நிலம்: முளைப்பு குறைந்தாலே எல்லோரும் வெயிலைத் திட்டுகிறார்கள். முதலில் மண்ணின் மின்கடத்துதிறனைப் பாருங்கள், உப்பு கூடினால் அதுவும் கூடும். மீட்டருக்கு 4.8 டெசிசீமன் வரை சூரியகாந்தி தாங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் சுமார் 5 சதவீதம் சரியும். உப்புதான் எதிரி.

வெப்பமானி: அந்த 4.8 மகசூல் கணக்கு ஐயா, முளைப்புக் கணக்கு இல்லை. மிதமான உப்புநீரில் 25 டிகிரியில் விதையை வையுங்கள், தாமதமானாலும் முளைவேர் வெளியே வரும். அதே உப்பில் 10 டிகிரிக்கு இறக்குங்கள், இல்லை 40க்கு ஏற்றுங்கள். அப்புறம் சொல்லுங்கள் யார் எதிரி என்று.

உவர்நிலம்: சோடியம் நஞ்சு என்பதையே மறந்துவிட்டீர்கள். பொட்டாசியம் போகிற வழியில் அது முண்டியடித்து நுழைகிறது. டெக்சாஸ் உப்புச் சதுப்பில் வளரும் ஹீலியாந்தஸ் பாரடாக்சஸ் என்ற காட்டுச் சூரியகாந்தி, தடித்த இலைகளோடு சோடியத்தைச் சமாளித்துத்தான் பிழைக்கிறது.

வெப்பமானி: அது வளர்ந்த செடியின் கதை. உப்புநீரில் முளைக்காத விதையைக் கழுவி நல்ல தண்ணீரில் போட்டால் பல விதைகள் முளைக்கின்றன. நஞ்சு கொன்றிருந்தால் எப்படி முளைக்கும்? உப்புநீரைப் போலவே தண்ணீரை இழுத்துப்பிடிக்கும் (அதே சவ்வூடு அழுத்தமுள்ள) பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசலில் முளைப்பு இன்னும் மோசம். அதில் சோடியமே கிடையாது! விதைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பார்மேடு: இருவரும் ஆய்வகத் தட்டை விட்டு வயலுக்கு வாருங்கள். வெயில் ஏற ஏற மண்ணீர் ஆவியாகும், கீழிருக்கும் உப்பு நீரோடு மேலேறி மேற்பரப்பில் தங்கும். விதை கிடப்பதோ 4, 5 சென்டிமீட்டர் ஆழத்தில். நீங்கள் 15 சென்டிமீட்டர் மண்ணை மொத்தமாகக் கலந்து சோதித்தால் அந்த மேல்மண் உப்பு எங்கே தெரியப்போகிறது? பாரின், அதாவது வயலில் உயர்த்திக் கட்டிய மண்மேட்டின், உச்சியில் விதைக்காமல் சரிவில் விதைக்கச் சொல்வதும் இதனால்தான். உச்சியில்தான் உப்பு குவியும்.

உவர்நிலம்: ஆக, கடைசியில் உப்புதானே!

வெப்பமானி: அதை மேலே கொண்டுவந்தது யார்?

பார்மேடு: சரி, அது இருக்கட்டும். விதை புதிதாக அறுவடை செய்ததா? அப்படியென்றால் விதையுறக்கம் இருக்கலாம், அதாவது உயிரிருந்தும் முளைக்காமல் கிடக்கும் நிலை; உப்பும் வெயிலும் சரியாக இருந்தாலும் முளைக்காது. முதலில் நல்ல தண்ணீரில், 25 டிகிரியில் ஒரு தட்டு முளைக்கப்போட்டுப் பாருங்கள். பிறகு மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் தனியாக எடுத்து உப்பை அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.