மலைச்சரிவில் ஆலயம் கட்ட மூன்று விலைப்புள்ளிகள்: யாரிடம் ஒப்படைப்பது?

கோத்தகிரி சபைச் செயலர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் சபை. ஓடு வேய்ந்த பழைய ஜெபக்கூடத்தை எடுத்துவிட்டு, அதே சரிவில் இருநூறு பேர் அமரும் ஆலயம் கட்டத் தீர்மானித்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் 46 லட்சம் கேட்கிறார். சமவெளியில் நான்கைந்து ஆலயங்களைக் கட்டி முடித்தவர். குன்னூர்க்காரர் 58 லட்சம் எழுதியிருக்கிறார். மூன்றாமவர் எங்கள் சபை அங்கத்தினர்; பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால் கூலிக்கு மட்டும் செய்து தருகிறேன், கர்த்தருடைய வேலையில் எனக்கு லாபம் வேண்டாம் என்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் அவர் பக்கம், மீதிப் பேர் 46 லட்சத்தின் பக்கம். 58 லட்சத்துக்காரருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை சொல்ல வேண்டும்.

குன்னூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஐயா, இரண்டு விலைப்புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சமவெளிக்காரர் பெரும்பாலும் தரைக்கு மேலே நிற்பதை மட்டும் கணக்கிடுவார். இங்கே பணம் தரைக்குக் கீழேயும் கட்டடத்துக்குப் பின்னாலும் போகிறது. மண் வெட்டுவதற்கு ஜேசிபி இறக்க வேண்டுமானால் நம் நீலகிரி மாவட்டத்தில் அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் ஜல்லியையும் எம்-சாண்ட் என்னும் கல் அரைத்த மணலையும் தார்ச்சாலையில் இறக்கிவிட்டுத் தோட்டப் பாதையில் சின்ன வண்டியில் மாற்றிக் கொண்டுபோகும் கூலி யாருடையது, சரிவு மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர் யார் கணக்கில் வருகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 12 லட்ச வித்தியாசம் பெரும்பாலும் இவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, அவர் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை நாள் புகைப்படத்தில் பார்க்காதீர்கள். மழையில் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும் இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. உள்ளே ஜெபித்துவிட்டு நேராகப் பின்பக்கத்துத் தடுப்புச்சுவருக்குப் போங்கள். சுவரில் விட்ட குழாய்த் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டி, ஒவ்வொன்றின் கீழேயும் செம்மண் கறை கோடாக இறங்கியிருந்தால், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பித் தண்ணீருக்கு வழிவிட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். குழாய்கள் புதிதுபோல வெள்ளையாகக் காய்ந்திருக்க, அவற்றுக்கு இடையே சுவர் ஈரம் பூத்து வயிறு தள்ளி நின்றால், அவை கண்துடைப்புக்குச் செருகியவை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அந்த மழையில் நம் மலையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்ததையும் பார்த்தவன் என்பதால், மற்றதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

வழிபாட்டுத் தலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற கட்டுப்பாடும் இங்கே உண்டு. மணிக்கூண்டு ஆசை இருந்தால் வரைபடத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை அந்த வாக்கியத்தோடேயே அனுப்பிவிடலாம்.

கூடலூர், சபைப் பொருளாளர்:

மூன்றாமவரைப் பற்றி நான் எழுத வேண்டும். எங்கள் சபையிலும் ஒரு அங்கத்தினர் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். நல்ல மனிதர், மனதாரச் சொன்னார், அதனால் காகிதம் எதுவும் போடவில்லை. மலிவாகக் கிடைத்ததென்று ஜூனுக்கு முன்பே சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டோம். எங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை வந்து உட்கார்ந்ததும், மூட்டைகள் கையால் உடைக்க முடியாத கட்டிகளாகிவிட்டன. கூலி ஒப்பந்தத்தில் பொருள் வீணானால் சபைக்குத்தான் நட்டம். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள், ஐந்து மாதம் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் பக்கத்து இருக்கையில் அமர்பவரிடம், குடும்பத்தார் கேட்கும்படி, கணக்கு எப்படிக் கேட்பது? கேட்டோம். இன்று அந்தக் குடும்பம் வேறு சபைக்குப் போகிறது.

அங்கத்தினருக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தால், அந்நியரிடம் வாங்கும் அதே ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்திடட்டும். அவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கட்டடக் கமிட்டியிலிருந்து விலகிக்கொள்ளட்டும். பணத்தை அஸ்திவாரம், பேஸ்மெண்ட், லிண்டல், கூரை என்று முடிந்த வேலைக்கே, வங்கி மூலமாகவே கொடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 அல்லது 10 சதவீதத்தை நிறுத்திவைத்து, கட்டடம் ஒரு முழு மழைக்காலத்தைக் கடந்த பின் விடுவியுங்கள். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில் வருமான வரிப் பிடித்தம், அவர் தனிநபரானால் 1 சதவீதம், நிறுவனமானால் 2 சதவீதம், உங்கள் பொறுப்பு. 46 லட்சத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

உதகை வாசகர்:

ஒரு சிறு விஷயம். பழைய ஜெபக்கூடத்தை இடிக்கும்போது வரும் மரமும் ஓடும் யாருக்கு? பல விலைப்புள்ளிகளில் அது சத்தமில்லாமல் ஒப்பந்தக்காரருக்குப் போய்விடுகிறது. 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட எங்கள் ஊர் புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். பழைய மரத்தின் அருமை அன்றே தெரிந்திருக்கிறது. இடிப்பதற்கு முன் உத்தரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அளந்து எழுதி, ஆயரும் செயலரும் கையெழுத்திட்டு வையுங்கள்.

கோத்தகிரி சபைச் செயலர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு காகிதங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். 46 லட்சத்தின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், "தடுப்புச்சுவர் தேவைப்பட்டால் தனி" என்று இருக்கிறது. குன்னூர்க்காரர் அதற்கு நீளம், உயரம், வடிகால் குழாய் உட்பட ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் அங்கத்தினரிடம் ஆயரே பேசினார். முழு ஒப்பந்தமாக எடுக்கத் தம்மால் இயலாது என்று வருத்தமில்லாமல் சொல்லிவிட்டார், மேற்பார்வையில் உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். குன்னூர்க்காரர் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய ஒரு ஆலயத்தைப் பார்க்க சனிக்கிழமை நான்கு பேர் போகிறோம். ஒப்பந்தத்துக்கு முன் வேறு ஏதாவது கேட்டு வாங்க வேண்டுமா?

குன்னூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

தொழிலாளர்களுக்கு எடுத்த விபத்துக் காப்பீட்டின் நகலை, முதல் கடப்பாறை விழுவதற்கு முன் வாங்குங்கள். பில்லுக்கு அளவெடுப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக்கூடாது. சம்பளம் கொடுத்தாவது சபையே ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை குடையோடு போங்கள், மழை விட்டால் திரும்பிவிடாதீர்கள். மழை விட்ட அரைமணி நேரத்தில்தான் அந்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும்.