புதுப்பிப்பு: ஃபாக் லேம்ப் வயரில் ஃபியூஸ் போட்டாயிற்று
போன வாரம் கேட்டிருந்தேன்: காரில் பேட்டரியிலிருந்து நேராக ஃபாக் லேம்புக்கு (பனி விளக்கு) வயர் இழுத்திருக்கிறேன், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது, ஃபியூஸும் வேண்டுமா என்று.

கட்டாயம் வேண்டும். நேற்று பானெட்டைத் திறந்தால், பாசிட்டிவ் வயர் தகட்டு விளிம்பில் உரசி இன்சுலேஷன் பாதி தேய்ந்திருந்தது. பயந்துவிட்டேன். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி கார் பாடியில் பட்டிருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயரே பழுத்து எரிந்திருக்கும். ரிலே அதைத் தடுக்காது, அது வெறும் சுவிட்ச்தான்.

இரண்டு 55 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். அதனால் 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் விளக்குப் பக்கம் வைக்க நினைத்தேன்; தப்பு. ஃபியூஸ் காப்பது தனக்குப் பிறகு வரும் வயரை. அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்தேன். அப்புறம், உரசிய இடத்தில் ரப்பர் வளையமும் மாட்டிவிட்டேன்.