பௌத்தப் பயிற்சிக்குச் சைவ உணவு கட்டாயமா? வைட்டமின் பி12-க்கு என்ன வழி?

கேள்வி:
தியானப் பயிற்சியோடு பால், முட்டையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாற எண்ணம். புத்தர் இறைச்சியைத் தடுத்தாரா? உடம்புக்குச் சத்துக் குறையாதா?

பதில் 1:
பழைய பௌத்தப் பிரிவான தேரவாதத்தில் முழுத் தடை கிடையாது. தனக்காகக் கொன்றதைப் பார்த்தாலோ, கேட்டாலோ, சந்தேகித்தாலோ பிக்கு அந்த இறைச்சியை ஏற்கக் கூடாது என்கிறது ஜீவக சுத்தம் என்ற பாலி மொழிச் சூத்திரம். மீனும் இறைச்சியும் அறவே கூடாதென விதி கேட்ட தேவதத்தன் என்ற பிக்குவுக்குப் புத்தர் இணங்கவில்லை. ஆனால் இது பிச்சைப் பாத்திரத்தில் விழும் சோற்றுக்கான விதி. கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர் இதைச் சாக்காகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் 2:
பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தில், லங்காவதார சூத்திரம் என்ற நூல் இறைச்சியை நேரடியாகவே தடுக்கிறது. சீன மடங்களில் பூண்டு, வெங்காயமும் சேர்ப்பதில்லை. பச்சையாகத் தின்றால் கோபம், சமைத்துத் தின்றால் காமம் கூடும் என்பார்கள்.

பதில் 3:
பி12-க்கு ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியையோ இட்லி மாவுப் புளிப்பையோ நம்பாதீர்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. மாத்திரையில் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். அதனால் தினமும் 10 அல்லது வாரம் 2,000 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். கீரை, பயறில் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய இருப்பதால், பி12 குறைந்தாலும் ரத்தசோகை வெளியே தெரியாமலே நரம்பு கெடலாம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரப்பது சகஜம். எழுந்து நடந்த பிறகும் பாதம் மதமதவென்றே இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்துக்குப் பருப்பில் எலுமிச்சை பிழியுங்கள். தேநீர் ஒரு மணி நேரம் கழித்து.