பூட்டியின் பாட்டுக் கொப்பி: ஒட்டிய தாள்களைப் பிரிக்க உதவி தேவை

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். என் பூட்டி 1920களில் எழுதிய கவிதைக் கொப்பிகள் மூன்று எங்களிடம் இருக்கின்றன. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு வந்தால் புதிதாக ஒரு பாட்டாவது கட்டிவிடுவாராம்; அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். எதுவும் அச்சில் வரவில்லை. இந்தக் கொப்பிகளை விட்டால் அவர் எழுத்து வேறெங்கும் இல்லை.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய், றங்குப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டு கொப்பிகள் தப்பின, படம் எடுத்துவிட்டேன். மூன்றாவதில் நடுவில் நாற்பது தாள் அளவு பலகை மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. மை பழுப்பேறி, அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்தின் வடிவிலேயே தாள் ஓட்டையாகியிருக்கிறது. மேல் மூலையில் ‘வாவி’ என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு வாரம் நிழலில் காற்றாட வைத்தேன், அசையவில்லை. கேத்தல் ஆவி காட்டினேன், மை பரவத் தொடங்கியது. அப்புறம் மூங்கில் சீவலால் நெம்பியதில் ஒரு தாள் கிழிந்தது. அன்றோடு கை வைக்கவில்லை. ஸ்கேன் பண்ணும் கடையிலும் கேட்டேன், கொப்பி விரியாமல் முடியாதாம்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இப்படி ஒட்டிய பழைய தாள்களைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர் யார்?